மாதம் 64 பக்கம்

என் அப்பா கம்பாசிட்டர். நான் புரூப் ரீடர். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது ஈய எழுத்தை நம்பித்தான். வேலை முடிந்து வந்ததும் அப்பா நேரே கிணற்றடிக்குப் போவார். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் விரல்களைத் துடைத்துவிட்டுச் சீயக்காய் போட்டுத் தேய்ப்பார். அப்படியும் நகக்கண்ணில் மை தங்கியிருக்கும். எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை ஃபாரம்?” என்பதுதான். எங்கள் அச்சகத்தில் ஃபாரம் என்றால் 16 பக்கம். கையெழுத்துத் தெளிவாக இருந்தால் நாளைக்கு நாலு பக்கம் கோத்துவிடுவேன் என்பார். பெருமைக்காகச் சொல்லும் பேச்சில்லை அது. கூலிக் கணக்கு.

அந்தக் கணக்கு எனக்குள்ளும் இறங்கிவிட்டது. அதனால்தான் ‘ஆர்யா’ மாத இதழின் தொகுதிகளை முதன்முறை புரட்டியபோது அதிலிருந்த தத்துவம் எனக்குக் கண்ணில் படவில்லை. 64 என்ற எண்தான் பட்டது. மாதம் 64 பக்கம், அதாவது நாலு ஃபாரம். 1914 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கி 1921 ஜனவரி வரை ஆறரை ஆண்டு. அவ்வளவையும் ஏறக்குறைய ஒரே ஆள், அரவிந்தர், எழுதியிருக்கிறார். இதழாசிரியரும் அவரே.

அரவிந்தரைப் புதுச்சேரியில் தெரியாதவர் இல்லை. தரிசன நாளில் சமாதி வாசலில் நீளும் வரிசையைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன். நான் ஆசிரமத்து ஆள் இல்லை. யோகத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியும் இல்லை. ஆனால் மாதக் கடைசியில் பிரதிக்காகக் காத்திருக்கும் அச்சகத்தின் அவசரம் எனக்குத் தெரியும். அந்த அவசரத்தோடு ஆறரை ஆண்டு வாழ்ந்த ஓர் இதழாசிரியர் இந்த ஊரில் இருந்தார் என்பதை எங்கள் ஊர்க்காரர்களே சரியாக நினைத்துப் பார்ப்பதில்லை. அந்தக் குறை எனக்கு வெகுநாளாக உண்டு.

கையால் எழுத்துக் கோத்த காலத்து அச்சகம் எப்படி ஓடியது என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. சின்ன அச்சகத்தில் 64 பக்கத்தை ஒரே மூச்சில் கோத்து வைக்கும் அளவுக்கு எழுத்து இருக்காது. முதல் 16 பக்கத்தைக் கோக்க வேண்டும். கேலி என்ற தட்டில் ஏற்றிப் புரூப் எடுத்து, திருத்தி, மறுபடி புரூப் எடுத்து, ஃபாரம் முடுக்கி, மெஷினில் ஏற்றி ஓட்ட வேண்டும். பிறகு மையைக் கழுவி, ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து, கேஸ் என்ற பெட்டியில் அதனதன் அறையில் போட வேண்டும். ‘டிஸ்ட்ரிபியூட் பண்றது’ என்போம். அதற்குப் பிறகுதான் அடுத்த 16 பக்கத்துக்குக் கை வைக்க முடியும். ஆகவே ஆசிரியர் மாதக் கடைசியில் மொத்தமாகப் பிரதியைக் கொண்டுவந்து கொட்டினால் காரியம் நடக்காது. சக்கரம் சுற்றச் சுற்ற அவரும் தந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு வாரம் அவருக்குக் காய்ச்சல் என்றால் அச்சகத்தில் நாலு பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ‘ஆர்யா’ இந்த ஊரில் மாடர்ன் பிரஸ்ஸில் அச்சானது. அதைக் கோத்தவர்களின் பெயர், அந்தக் கால வழக்கப்படி, எங்கும் இல்லை.

பத்திரிகை வேலை அரவிந்தருக்குப் புதிதில்லை. கல்கத்தாவில் ‘வந்தே மாதரம்’ ஆங்கில நாளிதழை நடத்தியவர் அவர். 1907-இல் அதற்காக அரசு வழக்குத் தொடுத்தபோது, அவர்தான் ஆசிரியர் என்று நிரூபிக்க முடியவில்லை. இதழில் அவர் பெயர் இல்லை. சாட்சி சொல்ல மறுத்த விபின் சந்திர பாலர் சிறைக்குப் போனார். அரவிந்தர் விடுதலையானார். தண்டனை விழுந்தது அச்சடித்தவருக்கு. இந்த வரலாற்றை யார் சொன்னாலும் கடைசி வரியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எங்கள் தொழில்காரர் ஒருவர் அதற்காகச் சிறை போனார் என்பதை நான் விட மாட்டேன்.

அடுத்த ஆண்டு மே மாதம் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் கைதாகி, ஓராண்டு சிறையிலிருந்து 1909 மே மாதம் வெளியே வந்தார். ‘கர்மயோகின்’ என்ற ஆங்கில வார இதழையும் ‘தர்மா’ என்ற வங்க இதழையும் நடத்தினார். பிறகு சந்திரநாகூர் போய்த் தங்கி, 1910 ஏப்ரல் 4 அன்று ‘துய்ப்ளே’ என்ற கப்பலில் புதுச்சேரி வந்து இறங்கினார். வந்த புதிதில் ஆறு மாதம் கோமுட்டித் தெருவில் கலவை சங்கரஞ் செட்டியார் வீட்டு மாடியில் தங்கினார். பிறகு வீடு மாறி வீடு மாறி, 1913 அக்டோபரில் பிரான்சுவா மர்த்தேன் வீதி 41-ஆம் எண் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ‘ஆர்யா’ எழுதப்பட்ட வீடு அதுதான்.

அந்த வீட்டுக்கு வருவதற்கு முந்தைய ஆண்டுகளில் வறுமை பெரிது. 1912 ஜூலையில் சந்திரநாகூர் நண்பர் மோதிலால் ராய்க்கு எழுதிய கடிதத்தில், கையில் ஒன்றரை ரூபாய்போல இருக்கிறது என்று குறிப்பிட்டிருக்கிறார். கூட நாலைந்து வங்க இளைஞர்கள் வேறு. தமிழ் எழுத்தாளர் வ.ரா.வும் அவரோடு சில காலம் இருந்தவர். அந்த நிலையிலும் புத்தகம் வாங்குவது நிற்கவில்லை. அந்த வங்க இளைஞர்களில் ஒருவரான நளினி காந்த குப்தாவுக்கு அரவிந்தர் கிரேக்கம் சொல்லிக் கொடுத்தார். அரிச்சுவடியில் தொடங்காமல், எடுத்த எடுப்பிலேயே கிரேக்க நாடகத்தைக் கையில் கொடுத்துத் தொடங்கிய பாடம் அது.

அதே 1912-இல் நடந்த ஒரு சம்பவத்தைப் பழைய ஆட்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆங்கிலேயரின் உளவு ஆள் ஒருவன் போலிக் கடிதங்களை ஒரு தகரப் பெட்டியில் அடைத்து, இங்கே அரசியல் அகதியாக இருந்த வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் போட்டுவைத்தான். வேலைக்காரப் பெண் தண்ணீர் சேந்தும்போது பெட்டி அகப்பட்டுவிட, அகதிகளே போய்ப் போலீசில் சொல்லிவிட்டார்கள். பிறகு நந்தோ என்ற பிரெஞ்சு விசாரணை நீதிபதி அரவிந்தர் வீட்டைச் சோதனையிட வந்தார். வெடிகுண்டுக் குறிப்பைத் தேடி வந்தவர் கண்ணில் பட்டவை கிரேக்கமும் இலத்தீனும் எழுதிய தாள்கள். இந்த மனிதருக்கு இலத்தீன் தெரிகிறது, கிரேக்கம் தெரிகிறது என்று வியந்து, மரியாதையோடு விடைபெற்றுப் போனார். ஓர் அறிஞனின் மேசையே அவனுக்குச் சாட்சி சொன்ன இடம் இது. படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

இனி ‘ஆர்யா’வுக்கு வருகிறேன். அது தொடங்கிய கதையில் ஒரு பெண் இருக்கிறார். அவரை வைத்துத்தான் இந்தக் கதைக்கு எபிரேய மரபோடு ஓர் உறவு ஏற்படுகிறது.

1914 மார்ச் 29 அன்று போல் ரிஷார் என்ற பிரெஞ்சுக்காரர் மனைவி மிராவோடு புதுச்சேரி வந்தார். ரிஷார் பிரெஞ்சு நாடாளுமன்றத் தேர்தலில் இந்தத் தொகுதியில் நிற்க வந்தவர். நின்று தோற்றார். மிரா, 1878 பிப்ரவரி 21 அன்று பாரிசில் பிறந்தவர். தந்தை துருக்கிக்காரர், தாய் எகிப்துக்காரர், இருவரும் யூதர்கள். பின்னாளில் ஊர் முழுக்க அன்னை என்று அழைத்தது இவரைத்தான். ஆனால் 1914-இல் அவர் புதுச்சேரிக்குக் கொண்டுவந்த தகுதிகளில் ஒன்றைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. அவர் இதழ் நடத்திப் பழகியவர்.

போலந்து நாட்டு யூதரான மாக்ஸ் தெயோன், அல்ஜீரியாவில் திலெம்சென் ஊரில் இருந்தபடி ஒரு மறைஞான இயக்கத்தை நடத்தினார். எபிரேயரின் கபாலா மரபில் ஊறியவர். கபாலாவுக்கும் வேதத்துக்கும் முந்திய மூத்த மரபு ஒன்று இருந்தது, இரண்டும் அதிலிருந்து பிரிந்த கிளைகள் என்பது அவர் கொள்கை. அந்த இயக்கத்தின் இதழான ‘ரெவ்யூ கொஸ்மீக்’ பாரிசிலிருந்து வந்தது. சில ஆண்டுகள் அதன் பிரதிகளைச் சரிபார்த்து, அச்சுக்கு அனுப்பி, வெளிக்கொண்டுவரும் சுமை மிராவின் தோளில் இருந்தது. 1906-லும் 1907-லும் அவர் திலெம்சென்னுக்கே போய் வந்தார். யூத மறைஞானத்தின் வாசனையுள்ள ஓர் இதழை ஒழுங்குபடுத்திய கை, ஏழெட்டு ஆண்டு கழித்து, வேதத்தைப் புதிதாகப் படிக்கும் ஓர் இதழை ஒழுங்குபடுத்த எங்கள் கடற்கரைக்கு வந்தது. வரலாற்றில் இப்படி நடப்பதைப் பார்த்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

தத்துவ மாத இதழ் ஒன்றைத் தொடங்கலாம் என்ற யோசனை ரிஷாருடையது. ஆங்கிலத்தில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று என இரண்டு பதிப்பு. அரவிந்தர், போல் ரிஷார், மிரா ரிஷார் ஆகிய மூவர் பெயரும் ஆசிரியர் என்ற இடத்தில் இருந்தன. கல்கத்தாவில் பெயர் மறைத்து ஆசிரியராக இருந்தவர், பிரெஞ்சு மண்ணில் பெயர் போட்டு ஆசிரியரானார். அரவிந்தரின் 42-ஆவது பிறந்த நாளில், 1914 ஆகஸ்ட் 15 அன்று முதல் இதழ் வந்தது. அதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்னால்தான் ஐரோப்பாவில் போர் மூண்டிருந்தது. இரண்டாம் இதழ் வந்த ஒரு வாரத்தில், செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தைச் சுட்டது. மனித குலம் ஒன்றாவதைப் பற்றி யோசிக்கத் தொடங்கிய ஓர் இதழுக்கு இதைவிடக் கெட்ட வேளை கிடைத்திருக்காது.

போர், ரிஷாரைத் திரும்ப அழைத்தது. 1915 பிப்ரவரி 22 அன்று இருவரும் கப்பலேறினார்கள். பிரெஞ்சுப் பதிப்பு ஏழு இதழோடு நின்றது. பிரெஞ்சு வேலையின் பாடு எனக்குக் கொஞ்சம் தெரியும் என்பதால் ஒன்று சொல்கிறேன். நான் வேலை பார்த்த அச்சகத்தில் பிரெஞ்சுக்கென்று தனிக் கேஸ் இருந்தது. தலையில் இடப்பக்கம் சாய்ந்த கோடு, வலப்பக்கம் சாய்ந்த கோடு, கூரை, காலில் வால் என்று குறிகள் ஏறிய எழுத்துகள் அவை. ஆங்கிலத்துக்கு எழுத்து தீரும் நேரத்தில் பிரெஞ்சுக்குக் குறி தீரும். ஒருமுறை கூரை எழுத்து போதாமல் சாதா எழுத்தைப் போட்டு ஓட்டிவிட்டார்கள். புரூப்பில் நான் வளைத்துக் காட்டியதை யாரும் கேட்கவில்லை. வெளியான பிறகு அந்த மலரை வாங்கிய பெரியவர் ஒருவர் வந்து, கோபப்படாமல், வருத்தத்தோடு சுட்டிக்காட்டினார். இன்னும் அந்த முகம் நினைவில் நிற்கிறது. ஒரே மாதத்தில் இரண்டு மொழியில் இரண்டு இதழ் என்பது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று அதனால் எனக்குப் புரிகிறது. மிரா இல்லாமல் அந்த ஏழு பிரெஞ்சு இதழும் வந்திருக்காது. மொழிபெயர்ப்பும் அவர், சந்தா, கணக்கு வழக்கும் அவர்.

அவர்கள் போன பின் அரவிந்தர் தனியாக மிஞ்சினார். இருபது ஆண்டு கழித்துச் சீடர் திலீப் குமார் ராய்க்கு எழுதிய கடிதத்தில் இதைப் பற்றிச் சொல்கிறார். தனக்குத் தத்துவம் பெரிதாகத் தெரியாது என்றும், யோகி எந்த வேலைக்கும் கை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையால் மறுக்க முடியாமல் ஒத்துக்கொண்டதாகவும், ரிஷார் போருக்குப் போய்விட, மாதம் 64 பக்கத் தத்துவத்தை ஒற்றை ஆளாக எழுதும்படி ஆகிவிட்டது என்றும் எழுதுகிறார். வேறொரு கடிதத்தில், மனம் முழு மௌனமாக இருந்த நிலையில்தான் ‘ஆர்யா’ முழுவதையும் எழுதினேன் என்கிறார். அந்த மௌனம் என்ன என்று நான் அறியேன். ஆனால் அதன் விளைவை எண்ணிப் பார்க்க என்னால் முடியும்.

1916 ஆகஸ்டிலிருந்து 1918 ஜூலை வரையிலான இரண்டு ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் ‘திவ்ய வாழ்க்கை’ ஓடுகிறது. ‘யோக ஒருங்கிணைப்பு’ ஓடுகிறது. ‘மனித ஒற்றுமையின் இலட்சியம்’ ஓடுகிறது. சமுதாய வளர்ச்சியின் உளவியல் பற்றிய தொடர் ஓடுகிறது. கீதைக் கட்டுரைகள் ஓடுகின்றன. 1917 டிசம்பரில் ‘எதிர்காலக் கவிதை’யும் சேர்ந்துகொள்கிறது. மொத்தம் ஆறு புத்தகம். ஒவ்வொன்றிலும் மாதம் ஓர் அத்தியாயம், ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் முந்தைய மாதத்துத் தொடர்ச்சி. ஒரு புத்தகத்தை எழுதி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனவர் அல்லர் இவர். கையெழுத்துப் பிரதிகூட இல்லாமல் தட்டச்சுப் பொறியில் நேரே அடித்தார் என்றும், ஒன்றில் சில பக்கம், இன்னொன்றில் சில பக்கம் என்று மாற்றி மாற்றி எழுதுவார் என்றும் மிரா பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். எனக்கு இதில் ஓர் அச்சகத் தாளம் கேட்கிறது. நாலு ஃபாரம் நாலு திசையில் ஓடும்போது எல்லாவற்றுக்கும் ஈடு கொடுக்கும் தாளம் அது.

என் வாதம் இதுதான். தேதி இல்லாமல் இந்த நூல்கள் பிறந்திருக்காது. சும்மா இருந்து, முழுமை வரட்டும் என்று காத்திருந்திருந்தால், இவற்றில் பாதியாவது எழுத்தாகியிருக்குமா என்பது சந்தேகம். மாதா மாதம் காத்திருந்த 64 வெற்றுப் பக்கம் அவரிடமிருந்து இவ்வளவையும் வாங்கிக்கொண்டது. பெரிய தத்துவ நூல் என்றால் மலையுச்சியில் உட்கார்ந்து எழுதுவது என்று நினைக்கிறோம். இது ஊர் அச்சகத்துக்குப் பிரதி கொடுத்து எழுதியது.

அந்தக் காலத்து வேறு ஓர் இதழாசிரியரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். ரஷ்யப் பேரரசின் ஒதெஸ்ஸா நகரில் வாழ்ந்த அஹத் ஹாஅம், 1896 முதல் 1902 வரை ‘ஹஷிலோஅஹ்’ என்ற எபிரேய மாத இதழுக்கு ஆசிரியராக இருந்தார். எபிரேயத்துக்கு நவீன உரைநடையைப் பழக்கிய இதழ்களில் அது முக்கியமானது. அவர் மற்றவர் எழுத்தை வரிவரியாகத் திருத்துவதற்குப் பெயர் பெற்றவர். சுருக்கம், தெளிவு, சொல் சிக்கனம் அவர் கொள்கை. ஆறாண்டில் களைத்துப்போய் விலகி, ஒரு தேயிலைக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். பிறர் எழுத்தைச் செதுக்கியே அந்த ஆசிரியர் தேய்ந்தார். எங்கள் ஊர் ஆசிரியருக்குச் செதுக்கப் பிறர் எழுத்தே இல்லை, எல்லாம் அவரே. எது கடினம் என்று கேட்டால், புரூப் ரீடர் என்ற முறையில் முதலாவதுதான் என்பேன். இரண்டாவதை எழுத்தாளர்கள் சொல்ல வேண்டும்.

தமிழுக்கு வருகிறேன். ‘ஆர்யா’ என்ற பெயரைப் பார்த்து, இதில் நமக்கு என்ன இருக்கப்போகிறது என்று தள்ளிவைத்த நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களிடம் நான் 1915-ஆம் ஆண்டு இதழ்களைப் பிரித்துக் காட்டுவேன். மே மாதம் ஆண்டாள். ஜூலையில் நம்மாழ்வார். அதற்கு முன்பே குலசேகராழ்வார். அறிமுகக் குறிப்பும் ஆங்கில மொழிபெயர்ப்புமாக வந்தவை. போர் நடக்கும் உலகத்துக்கு முன்னால், திருக்குருகூர்ப் பிள்ளையின் காதலும் வில்லிபுத்தூர்ப் பெண்ணின் கனவும் வேதாந்தத்தோடு சரியாசனத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன.

அதைச் செய்ய வைத்தவர் பாரதியார். ஈசுவரன் தர்மராசா கோயில் தெருவில் அவர் வீடு. பெரிய வாய்க்காலைத் தாண்டினால் வெள்ளைக்காரர் பகுதி. சாயங்காலமானால் பாரதியாரும் ஐயரும் மண்டயம் சீனிவாசாச்சாரியாரும் அரவிந்தர் வீட்டுக்கு நடந்துபோவார்கள். நான் பலமுறை அந்த வழியில் நடந்திருக்கிறேன். வாய்க்கால் இன்று சிமெண்டுக் கால்வாய். ஆனாலும் தூரம் அதே தூரம்தான். பாரதியாரிடமிருந்து அரவிந்தருக்கு ஆழ்வார்கள் போனார்கள். அரவிந்தரிடமிருந்து பாரதியாருக்கு ரிக் வேதம் வந்தது. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து வேதம் படித்தார்கள். பாரதியார் வேத ரிஷிகளைப் பற்றி எழுதியதன் வேர் அந்தத் திண்ணைப் பேச்சில் இருக்கிறது. கொடுத்ததும் வாங்கியதும் இரண்டு பக்கமும் நடந்திருக்கிறது. ஐயரின் திருக்குறள் ஆங்கில மொழிபெயர்ப்பு 1916-இல் வெளிவந்ததும் அதே கூட்டத்தின் காற்றில்தான்.

இன்னொன்றும் உண்டு. ‘வேத இரகசியம்’ தொடரில் அரவிந்தர் தம் சொந்தக் கதையைச் சொல்லும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. தெற்கே வந்து மக்களின் முகங்களைப் பார்த்தபோது, வடக்கே ஆரியர் தெற்கே திராவிடர் என்று தாம் படித்த பாடம் ஆட்டம் கண்டது என்கிறார். பிறகு தமிழ்ச் சொற்களைப் படித்தபோது, தூய தமிழ் என்று சொல்லப்படும் சொற்களே சமஸ்கிருதத்துக்கும் இலத்தீனுக்கும் இடையில் தமக்குத் தெரியாதிருந்த உறவுகளைக் காட்டிக்கொடுத்தன என்கிறார். இந்தச் சொற்பிறப்பு ஆய்வை இன்றைய மொழியியல் ஏற்காது. நானும் அதற்காக வாதாட மாட்டேன். ஆனால் வேதத்துக்குள் நுழைய ஒருவருக்குத் தமிழ் ஒரு வாசலாக இருந்தது, அதை அவர் அச்சில் ஒத்துக்கொண்டார் என்பது வேறு செய்தி. தாம் படித்து வந்த பாடம் தவறு என்று வாசகர் முன்னால் சொல்லும் ஆசிரியரை நான் மதிக்கிறேன்.

அதே ஆண்டுகளில் இந்தச் சின்ன ஊரில் இன்னொரு ஆய்விதழும் இருந்தது. ஆளுநராக இருந்த அல்பிரெத் மர்த்தினோ வரலாற்றறிஞர். 1911-இல் பிரெஞ்சிந்திய வரலாற்றுச் சங்கத்தைத் தொடங்கினார். சங்கத்தின் வரலாற்று இதழ் 1916-இல் வரத் தொடங்கியது. ஆளுநர் பழைய ஆவணங்களை அச்சேற்றிக்கொண்டிருக்க, ஆங்கிலேய உளவாளிகள் வாசலில் நிற்கும் ஒரு வீட்டில் அகதி ஒருவர் உபநிடதத்துக்கு உரை எழுதிக்கொண்டிருந்தார். போர்க்காலத்தில் அகதிகளை அல்ஜீரியாவுக்கு அனுப்பும் பேச்சு எழுந்தபோது அரவிந்தர் அசைய மறுத்தார். இதழ் தவறாமல் வந்தது.

பணம் என்ன ஆயிற்று என்று தொழில்காரன் கேட்காமல் இருக்க முடியாது. ‘ஆர்யா’ தன் செலவைத் தானே ஈடுகட்டியது, மிச்சமும் வைத்தது என்று அரவிந்தரே பின்னால் சொல்லியிருக்கிறார். விளம்பரப் பகட்டு இல்லாத, ஒரு வரிகூட எளிதில்லாத ஒரு தத்துவ மாத இதழ், காகித விலை ஏறிய போர்க்காலத்தில் கடன்படாமல் ஓடியது. ஒன்றரை ரூபாய் கையிருப்பு வைத்திருந்தவரிடமிருந்து இது வந்தது என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

1918 நவம்பரில் பாரதியார் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார், எல்லை தாண்டியதும் கைதானார். 1920-இல் ஐயரும் போனார். சாயங்காலக் கூட்டம் கலைந்தது. அந்த ஏப்ரலில் மிரா திரும்பி வந்தார். நவம்பர் 24 அன்று புயல் மழையில் அவர் இருந்த வீடு ஆபத்தாக இருக்க, அரவிந்தர் வீட்டுக்கே வந்துவிட்டார். பின்னால் ஆசிரமம் என்று ஆனதன் தொடக்கம் அங்கேதான். இரண்டு மாதத்தில் ‘ஆர்யா’ நின்றது.

‘திவ்ய வாழ்க்கை’ புத்தகமானது 1939-லும் 1940-லும். நான் ‘ஆர்யா’ பக்கத்தையும் புத்தகத்தையும் அருகருகே வைத்து, பென்சிலோடு, சில அத்தியாயங்களை ஒத்துப் பார்த்திருக்கிறேன். யாரும் கேட்காமல், கூலி இல்லாமல் நான் பார்த்த புரூப் அது ஒன்றுதான். முதல் தொகுதியின் கடைசியில் ஒரு புது அத்தியாயம் சேர்ந்திருக்கிறது. இரண்டாம் தொகுதியை ஏறக்குறைய உடைத்து வார்த்திருக்கிறார். இருபது ஆண்டு கழித்து, அவசரம் எதுவும் இல்லாத மேசையில் உட்கார்ந்து திருத்தியவர் அதே ஆசிரியர்தான். அவசரத்தில் எழுதியது என்று பழையதை அவர் தள்ளவில்லை. அடித்தளமாக வைத்துக்கொண்டார்.

‘யோக ஒருங்கிணைப்பு’க்கு அந்தப் பாக்கியம் முழுதாகக் கிடைக்கவில்லை. முதல் இதழிலிருந்து கடைசி இதழ் வரை வந்த தொடர் அது. 1921 ஜனவரியில் காலத்தைப் பற்றிய அத்தியாயம் ஒன்று வருகிறது. நூலின் திட்டப்படி மேலும் பகுதிகள் வரவேண்டும். வரவில்லை. இந்தியப் பண்பாட்டைப் பற்றிய கட்டுரைத் தொடரும் அதே இதழோடு நிற்கிறது.

இதழின் ஒளிப்பட மறுபதிப்பு வந்தபோது அப்பா இருந்தார். கண் மங்கிவிட்ட காலம். ஆங்கிலம் அவருக்குப் பேச வராது. எழுத்து எழுத்தாகத்தான் தெரியும். ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் அப்படித்தான் வாழ்நாளெல்லாம் கோத்தார். நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய கடைசித் தொகுதியை மடியில் வைத்துக் கொடுத்தேன். பக்கத்தின் மேல் விரலை வைத்து, வரிக்கும் வரிக்கும் இடையில் எவ்வளவு லெட் என்ற ஈயத்தகடு போட்டிருக்கிறார்கள் என்று தடவிப் பார்த்தார். அச்சின் அச்சு அது, தடவினால் பள்ளம் தெரியாது. இருந்தாலும் தடவினார்.

“நல்லா கோத்திருக்கான். ஓரம் ஒண்ணுபோல நிக்குது பாரு,” என்றார். கடைசிப் பக்கத்தைக் காட்டி, இதோடு முடிந்துவிட்டது என்று சொன்னேன்.

“மீதி காப்பி?”

“வரலப்பா. அதோட நிறுத்திட்டாரு.”

கொஞ்ச நேரம் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ எழுத்தையெல்லாம் பிரிச்சு கேஸ்ல போட்டிருப்பாங்க,” என்றார்.